பூஞ்சை பிடித்த வி.எச்.எஸ். வீடியோ கேசட்டைக் காப்பாற்ற உதவி தேவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் மான்செஸ்டர் யுனைடெட் அணியும் பேயர்ன் மியூனிக் அணியும் மோதிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டியை வாப்பா தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த கேசட் ஒன்று, கீழக்கரையில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில், சுருளின் விளிம்பில் கோலமாவு தூவியதுபோல் வெண்பூஞ்சை படர்ந்துவிட்டது.

இணையத்தில் அந்த ஆட்டம் கிடைக்காதா என்று கேட்பீர்கள். எங்களுக்கு வேண்டியது இந்தப் பதிவுதான். ஆறாம் நிமிடத்தில் பாஸ்லர் அடித்த கோலால் பேயர்ன் முன்னிலையிலேயே இருந்ததால் தோல்வி உறுதி என்று எண்ணி, தொண்ணூறு நிமிடம் கடந்தபின் ஷெரிங்ஹாமும் சோல்ஷாரும் அடித்த இரண்டு கோல்களுக்கு முன்பே வாப்பா பதிவை நிறுத்திவிட்டார் என்பது மாமாவின் குற்றச்சாட்டு. நள்ளிரவு தாண்டி விழித்திருந்தவனா நிறுத்துவான் என்பது வாப்பாவின் பதில். வழக்கு இன்னும் தீரவில்லை.

பூஞ்சையுள்ள நாடாவை அப்படியே ஓட்டினால் துகள்கள் கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டையும் கெடுக்கும் என்பதால் நாங்கள் ஓட்டிப் பார்க்கவில்லை. (ஒரு கடையில் கேட்காமலே உள்ளே தள்ளப் பார்த்தார்கள், பிடுங்கிக்கொண்டு வந்தேன்.) ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் வி.சி.ஆர். எனும் வீடியோ கேசட் கருவியின் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் புதிய கருவிக்கும் வழியில்லை. இராமநாதபுரம், மண்டபம், தொண்டி வட்டாரத்தில் நாடாவைத் துடைத்துக் கணினிக்கு மாற்றத் தெரிந்தவர்களோ, நன்றாக ஓடும் வி.சி.ஆர். வைத்திருப்பவர்களோ இருந்தால் தெரிவியுங்கள். கூரியரில் அனுப்ப மனமில்லை. கேசட்டுடன் நானே நேரில் வருகிறேன்.