மறு: மறு: ரெஸ்பிட் கேர் – தமிழில் ஒரே சொல் வேண்டுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் கொஞ்சம் ஓய்வெடுக்க, அந்த நேரத்துக்கு வேறு ஆளோ மையமோ பொறுப்பேற்பதுதான் ரெஸ்பிட் கேர். அதற்குத் தமிழில் சொல் கேட்டு டாக்டரம்மா எழுதிய மடலுக்கு வந்த பதில்களை எல்லாம் படித்துவிட்டேன். டிமென்ஷியா (நினைவு, சிந்தனை, நடத்தை போன்றவை படிப்படியாகப் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்களின் குடும்பங்களுக்கான கையேட்டின் தமிழ்ப் படியை நான்தான் சரிபார்க்கிறேன். அதனால் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மடல் நீளும், காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கையேடு பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களுக்கானது. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் ஆட்கள் மட்டுமல்ல, ஓசூர், தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு வந்து போகிறவர்களும் எடுத்துப் போகலாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்வது மனைவி, இல்லாவிட்டால் மகள், இல்லாவிட்டால் மருமகள். அந்த அம்மாவின் கண்ணடிக் கருவளையத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சீட்டில் 'ரெஸ்பிட்' என்று எழுதுகிறார். அதை மாத்திரை என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்ட மகனைப் பற்றி டாக்டரம்மாவே எழுதியிருந்தார்.

டிமென்ஷியாவுக்கே நல்ல தமிழ்ச் சொல் இல்லை என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். 'முதுமை மறதி' என்றால் 65 வயதுக்கு முன்பே நோய் வந்தவர்கள் விடுபடுகிறார்கள். 'மறதி நோய்' என்றால், முதலில் நடத்தையும் பேச்சும் மாறுகிற ஃப்ரன்டோடெம்போரல் வகையும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிற லூயி பாடி வகையும் விடுபடுகின்றன. ஜப்பானில் 'மடமை' தொனிக்கும் பழைய சொல்லை 2004-இல் அரசே கைவிட்டு, அறிதிறன் சார்ந்த வேறு சொல்லுக்கு மாறியது. நமக்கு அப்படி ஒரு நாள் வரும்வரை கையேட்டில் டிமென்ஷியா டிமென்ஷியாவாகவே இருக்கும்.

சரி, வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> ஓய்வுப் பராமரிப்பு என்றே வைக்கலாமே. யாருக்கும் குழப்பம் வராது.

வரும் ஐயா. வயதானவர்களுக்குப் பக்கத்தில் 'ஓய்வு' வந்தால் நம் ஆட்களுக்கு நினைவு வருவது ஓய்வூதியம்தான். பணி ஓய்வு பெற்றவர்களைப் பராமரிக்கும் இல்லம் என்று படிப்பார்கள். யாருக்கு ஓய்வு என்பதும் சொல்லில் இல்லை. இன்னொரு சங்கடம் வீட்டுக்குள் இருக்கிறது. 'மருமகளுக்கு ஓய்வு தேவை' என்று கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிப் பாருங்கள். என் மாமியாரை நான் பார்த்துக்கொண்ட காலத்தில் கேட்ட வசனம் இது: "வீட்லதானே இருக்கே, எதுக்கு ரெஸ்ட்டு?" இரவில் எத்தனை முறை எழுந்தேன் என்பது கேட்டவருக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காத சொல் வேண்டும் என்பதுதான் என் முதல் நிபந்தனை.

'இளைப்பாறு பராமரிப்பு' காதுக்கு இனிமைதான். ஆனால் ஈழத் தமிழில் இளைப்பாறிய ஆசிரியர் என்றால் பணி ஓய்வு பெற்றவர். கத்தோலிக்க வீடுகளில் 'நித்திய இளைப்பாற்றி' இறந்தவர்களுக்கான ஜெபத்தில் வருவது. மர்பி டவுனில் இந்தக் கையேட்டை வாங்கப்போகிறவர்களில் பலர் அந்த ஜெபத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள். வேண்டாம். 'இடைக்காலப் பராமரிப்பு' என்றதும் எனக்கு ஜாமீனும் தடையாணையும்தான் ஞாபகம் வருகின்றன. விளையாட்டாக 'தவணை' என்று எழுதிய தம்பி தெரிந்தே எழுதினாரோ என்னவோ, ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று தண்டனையைத் தள்ளிவைப்பதுதான். சில வீடுகளுக்குப் பொருந்தவும் செய்யும்! 'ஆதரவுப் பராமரிப்பு' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், கடும் நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பாலியேட்டிவ் கேரை 'நோய் ஆதரவு' என்கிறார்கள். ஓசூர்க்காரர் குழம்பிப் போவார்.

இந்த இடத்தில் 'பராமரிப்பு' மீதே எனக்குள்ள மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்டுக்குப் பராமரிப்பு, அபார்ட்மென்டுக்குப் பராமரிப்புக் கட்டணம், மின்கம்பிக்கு மாதாந்திரப் பராமரிப்பு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இல் அந்தச் சொல்லுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய பணம் வரை பொருள் நீள்கிறது. வீட்டில் யாரும் "அம்மாவை யார் பராமரிக்கிறா?" என்று கேட்பதில்லை. "யார் பார்த்துக்கிறா?" என்றுதான் கேட்கிறோம். கையேட்டின் உடலில் 'பார்த்துக்கொள்பவர்' என்று போட்டிருக்கிறேன், தலைப்புகளில் 'கவனிப்பு'. போலீஸ்காரர் 'நல்லா கவனிச்சார்' என்பதும் தமிழ்தான், தெரியும். ஆனால் நோயாளியின் பக்கத்தில் வரும்போது அந்தக் கேலிப் பொருள் தானாக விலகிவிடுகிறது.

> சுமைதாங்கி! சாலையோரத்தில் நாம் பார்த்து வளர்ந்த கல். ரெஸ்பிட் மையத்துக்கு இதைவிடத் தமிழான பெயர் உண்டா?

இதற்குத்தான் குழுமத்தில் அதிகக் கைதட்டல். எனக்கும் முதலில் சிலிர்த்தது. நட்டுவைத்த இரண்டு கற்கள், மேலே ஒரு பலகைக்கல், தலைச்சுமையை அடுத்தவர் கைபடாமல் இறக்கிவைக்கிற உயரம். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்களின் நினைவாக வைப்பது வழக்கம். தானே சுமந்து இறந்தவள் பெயரில் மற்றவர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். மையத்துக்குப் பெயராக நினைத்துப் பார்த்தால் நெஞ்சைத் தொடுகிறது.

ஆனால் மையத்தின் வாசலில் அந்தப் பலகை தொங்கும்போது சுமை யார்? கைப்பிடித்து உள்ளே அழைத்து வரப்படுகிறவர். டிமென்ஷியாவின் தொடக்கத்தில் இருப்பவர்கள் பெயர்ப்பலகையை நன்றாகவே படிப்பார்கள். நேற்றுச் சாப்பிட்டது மறந்திருக்கும், 'சுமை' என்று தன்னைச் சொன்னது உறைக்கும். பார்த்துக்கொள்பவரின் களைப்பை அளக்க ஸாரிட் கேள்வித்தாள் இருக்கிறது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88 மதிப்பெண். அதன் ஆங்கிலப் பெயரிலேயே சுமை இருக்கிறது. டாக்டரின் மேசைக்குள் அது இருக்கட்டும், கேள்வி கேட்பதும் பார்த்துக்கொள்பவரை மட்டும்தானே. வாசலுக்கு வேண்டாம். முன்மொழிந்த அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

'கைமாற்று' என்று எழுதிய அக்காவுக்கு என் வணக்கம். வட்டியில்லை, பத்திரமில்லை, நாலு நாளில் திரும்பி வந்துவிடும். ரெஸ்பிட்டில் அந்தத் திரும்பி வருதல்தான் முக்கியம், முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவதிலிருந்து அதைப் பிரிப்பதும் அதுவே. இருந்தாலும் "அம்மா என்ன அரிசியா, கைமாற்று கொடுக்க?" என்று டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் நிலம் கைமாறுவது, கஞ்சா கைமாறுவது என்று செய்தித்தாள்கள் வேறு அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கின்றன.

இப்போது எனக்கு நிஜமாகவே பயம் தந்த முன்மொழிவு: 'முறைக் கவனிப்பு'. பெயரைப் பார்த்தால் நல்ல சொல்தான். ஆனால் நம் வீடுகளில் 'முறை' என்றால் என்ன? மூன்று பிள்ளைகள் இருந்தால் அப்பா நாலு மாதம் ஜெயநகரில், நாலு மாதம் ஒயிட்ஃபீல்டில், நாலு மாதம் கோயம்புத்தூரில். பார்த்துக்கொள்பவருக்கு நியாயமாகத் தோன்றுகிற இந்தப் பங்கீடு டிமென்ஷியா உள்ளவருக்குப் பெரிய தண்டனை. பழகிய வீட்டில் கழிப்பறைக்குப் போகும் வழியைக் கால் அறியும், கண் அறிய வேண்டியதில்லை. வீடு மாறினால் இரவில் கதவைத் தேடி அலைவார், பொழுது சாயும்போது படபடப்பு கூடும், "வீட்டுக்குப் போகணும்" என்ற கேட்பு மணிக்கு நாலு முறை ஆகும். டாக்டர் சொன்னார் என்று ஒரு கையேடு 'முறை' என்று அச்சடித்துக் கொடுத்தால், ஏற்கெனவே நடக்கிற தப்புக்கு முத்திரை குத்தியதாகிவிடும்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நாம் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம், பொருளோ இரண்டு. ஒன்றில் ஆள் மாறுகிறார், இடம் அப்படியே இருக்கிறது. இன்னொன்றில் இடமே மாறுகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ரெஸ்பிட்தான். ஆனால் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு நிகழ்ச்சி, எச்சரிக்கைகளும் வேறு. தமிழில் புதிதாகச் செய்கிற நாம் ஏன் அவற்றை ஒரே பையில் போட வேண்டும்?

முதலாவதற்கு என் தேர்வு 'மாற்று ஆள் கவனிப்பு'. அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, மாத்தாள் வராமல் வீட்டுக்குப் போவதில்லை. வந்த பிறகு போனால் அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. பார்த்துக்கொள்வதும் டியூட்டிதான் என்பதை இந்தச் சொல் சத்தமில்லாமல் ஒப்புக்கொள்கிறது. 'எதுக்கு ரெஸ்ட்டு' என்பவரிடம் "மாற்று ஆள் யார்?" என்று திருப்பிக் கேட்கலாம். அந்த ஆள் ஏஜென்சியிலிருந்து வருகிற அட்டெண்டராக இருக்கலாம், சனிக்கிழமை மட்டும் வருகிற நாத்தனாராகவும் இருக்கலாம்.

அகராதிப் புலவர் ஒருவர் உடனே கையைத் தூக்குவார்: மாற்றாள் என்றால் சக்களத்தி. உண்மைதான். கணவரைப் பார்த்துக்கொள்ளும் எழுபது வயது அம்மாவிடம் போய் 'ஒரு மாற்றாள் வைத்துக்கொள்ளுங்கள்' என்றால் என்ன நடக்கும் என்று நினைத்து நானே சிரித்தேன். அதனால்தான் சேர்த்து எழுதாமல் 'மாற்று ஆள்' என்று பிரித்தே எழுத வேண்டும் என்கிறேன்.

இடம் மாறுவதில் பகல் பொழுது மட்டும் என்றால் 'பகல் மையம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். சில நாள் தங்குவதற்கு 'சிறுதங்கல்'. 'மாற்றிடம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். குடிசையை இடித்துவிட்டுக் கொடுப்பதுதான் மாற்றிடம், அந்த நினைவோடு யாரும் அம்மாவை அனுப்ப மாட்டார்கள். நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் நடத்துவதைப் போலப் பகல் மையமும் தங்கும் வசதியும் இந்த ஊரில் இருப்பதால் இவை வெறும் தாள் சொற்கள் அல்ல.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 'அரசாங்கமே ரெஸ்பிட் திட்டம் வைத்திருக்கிறது, அதன் பெயரை எடுத்துக்கொள்ளலாம்' என்று வந்த மடல் சமர்த் திட்டத்தைச் சொல்கிறது. அது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நேஷனல் டிரஸ்டின் திட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான் அந்தச் சட்டம். டிமென்ஷியா பட்டியலில் இல்லை. பெயரை எடுத்து வைத்தால் குடும்பங்கள் விண்ணப்பம் கேட்டு அலையும்.

டாக்டரம்மா, கேஸ் ஷீட்டில் எழுத ஒற்றைச் சொல் வேண்டும் என்று கேட்டீர்கள். கோபிக்காதீர்கள், ஒற்றைச் சொல் இல்லாமலிருப்பதே உங்களுக்கு நல்லது. 'ரெஸ்பிட்' என்று எழுதிவிட்டால் எது என்று யாரும் கேட்பதில்லை. 'மாற்று ஆள், வாரம் இரண்டு பிற்பகல்' என்றோ 'சிறுதங்கல், ஐந்து நாள்' என்றோ எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்று மகனுக்கும் தெரியும், அடுத்த முறை வரும்போது செய்தார்களா என்று உங்களாலும் கேட்க முடியும். அத்தியாயத் தலைப்புக்கு மட்டும் பொதுச்சொல் தேவை. அதற்குப் 'பார்த்துக்கொள்பவருக்கு இடைவேளை' என்று வைத்திருக்கிறேன். இடைவேளை என்றால் படம் இன்னும் முடியவில்லை என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

கையேட்டின் அந்தப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

"மாற்று ஆள் முதல் நாளே தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டாம். சில நாள் நீங்களும் உடன் இருங்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், சிறுநீர் வந்தால் எந்தச் சொல்லால் அல்லது சைகையால் சொல்வார், எந்த மாத்திரை எப்போது, எது தொண்டையில் சிக்கும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். முடிந்தவரை ஒரே ஆளே தொடர்ந்து வரட்டும். சிறுதங்கலுக்கு அனுப்பினால் அவருடைய போர்வையும் பழகிய படமும் கூடப் போகட்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பமோ தூக்கமோ அதிகமானால் 'புது இடம், சரியாகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைவது, புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவையும் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்."

மருத்துவத் தவறு இருந்தால் டாக்டரம்மா தனி மடலில் திட்டலாம். மொழித் தவறு என்றால் இங்கேயே.

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்கள் குழுமத்தில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து மேலே ஏறும்போது கீழே இறங்குகிற அடுத்த ஆளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அங்கே இதைவிட நல்ல சொல் இருந்தால் 'மாற்று ஆள்' தானாக வழிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட்டால் நல்லது, திங்கட்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போகிறது.

அன்புடன்,
அல்சூரிலிருந்து