கேமராவ கழுத்துல மாட்டிட்டு வடசென்னையில சுத்துன கதை, என் பங்குக்கு

தெருவுல போட்டோ எடுக்கறதப் பத்தி இந்த குரூப்ல எல்லாரும் கேன்டிட் கேன்டிட்னு, அதாவது எடுக்கறது தெரியாமயே ஆளுங்கள இயல்பா எடுக்கணும்னு எழுதிருக்கீங்க, படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க ஏரியாவுல அது நடக்கற கதையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் டவுட்டு. நான் பொறந்து வளந்தது பழைய வண்ணாரப்பேட்டை. சும்மா கைய வீசிட்டு நடந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அதே நான் கேமராவ மாட்டிட்டு ரெண்டு தெரு தள்ளிப் போனா போதும், "இன்னாபா, எந்த சேனலு?" அதான் மொத கேள்வி. அடுத்தது "இன்னா ஆச்சு இங்க?" கேமரா வந்துச்சுன்னா ஒண்ணு மழத்தண்ணி நிக்கணும், இல்ல எவனயாவது வெட்டிருக்கணும், இல்ல சினிமா ஷூட்டிங். சும்மா தெருவ எடுக்கறேன்னு சொன்னா யாரும் நம்பறதில்ல. ஏன் நம்பணும்?

விவியன் மையர்னு ஒரு அம்மா தெருவுல எடுத்த போட்டோக்கள பாத்துட்டு எனக்கும் ஒரு ஆச வந்துச்சு. சிகாகோவுல வீடுகள்ல கொழந்தைங்கள பாத்துக்கற வேல செஞ்சவங்க, 2007ல அவங்களோட நெகட்டிவ்லாம் ஏலத்துல போனப்பறம் தான் வெளிய தெரிய ஆரம்பிச்சாங்க. அவங்க வெச்சிருந்த ரோலிஃபிளெக்ஸ் கேமரா வயித்துகிட்ட தொங்கும், கண்ணுல வெக்க வேணாம், மேலேர்ந்து குனிஞ்சு பாத்தே எடுக்கலாம், எதுத்தாப்ல நிக்கறவங்களுக்கு சட்டுனு தெரியாது. சரி நம்மளும் ஸ்கிரீன மடக்கி வெச்சு இடுப்புலேர்ந்து எடுப்போம்னு ஒரு கேரம் போர்ட சுத்தி நின்ன கூட்டத்துல ட்ரை பண்ணேன். கேரம்னா எங்க பக்கம் வெறும் விளையாட்டு இல்ல, 2024ல அமெரிக்காவுல கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்குன காசிமா கூட இங்க புது வண்ணாரப்பேட்ட பொண்ணு தான். மேல ஒத்த பல்பு, போர்டு ஃபுல்லா பவுடரு, ஸ்ட்ரைக்கர் மேல மடங்குன வெரலு, நல்ல ஃபிரேம், அமுக்கப் போறேன், பொடிப்பசங்க கும்பலா வந்து ஸ்கிரீனுக்கும் என் மூஞ்சிக்கும் நடுவுல தலைய விட்டுட்டானுங்க. "ணா, இது ஜூம் ஆவுமா ணா?" "அவன எடு ணா, அவந்தான் மாஸு." ஆட்டம் நின்னு போச்சு, அடிக்க இருந்தவர் காலர சரி பண்ணிட்டு நெஞ்ச நிமித்தி போஸு. அந்த போஸ் படம் தான் இன்னும் என் போன் வால்பேப்பர். மையர் ரூட்டு அதோட முடிஞ்சுது.



காசிமேடு மீன்பிடி துறைமுகம் போறவங்களுக்கு ஒண்ணு. விடிகாலைல மீன் ஏலம் நடக்கறப்ப நடுவுல நிக்காதீங்க, தலைல கூடையோட வர்றவங்களுக்கு பிரேக் கெடையாது. கூடைலேர்ந்து சொட்டற தண்ணி லென்ஸ்ல பட்டா உப்புக்கறையா காஞ்சிரும், ஈரத்துணி வெச்சுக்கோங்க. அந்த நேரத்துல உங்கள ஒருத்தனும் கண்டுக்க மாட்டான். ஆனா மீன்பிடி தடைக்காலம் வேற. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, லாஞ்சுங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும், பெயிண்ட் அடிப்பாங்க, வல பின்னுவாங்க, போட்டோ எடுக்கறவனுக்கு கொண்டாட்டம். அப்படித்தான் ஒரு பெரியவரோட கைய க்ளோஸப்ல எடுத்துட்டு இருந்தேன். ஆள்காட்டி வெரல்ல நைலான் நூல இழுத்து இழுத்து கோடு விழுந்து காச்சுப் போயிருக்கு, ஒவ்வொரு முடிச்சுக்கும் அந்தக் கோட்டுக்குள்ளயே நீல நூலு சரியா போய் உக்காருது. அவரு நிமிந்து கூட பாக்கல. "வருமானம் இல்லாதப்போ தான் அல்லாரும் வந்து எடுக்கறீங்கோ. மீன் வர்றப்போ வா, சிரிச்சிகினு நிக்கறேன்." ஜூலைல போனேன். ஆள் சிரிக்கல, ஐஸு ரேட்டுக்கு யாரோடயோ சண்ட போட்டுட்டு இருந்தாரு, அதயும் எடுத்தேன், திட்டும் வாங்கினேன்.

இப்ப மெயின் கதை. தண்டையார்பேட்டைல ஒரு சந்து, கெழக்க பாத்த சந்து, காலைல கடல் பக்கத்துலேர்ந்து வெயிலு நேரா உள்ள வரும். அடிபம்பு, அத சுத்தி பச்ச, மஞ்ச, ரோஸ் கலர் பிளாஸ்டிக் கொடம் வரிசையா. எவனா இருந்தாலும் நின்னு எடுப்பான், நானும் குத்த வெச்சு எடுத்துட்டு இருக்கேன். ஒரு அக்கா வந்து நின்னாங்க.

"இன்னா தம்பி, கொடத்தயா எடுக்கற?"

"கலரா இருக்குக்கா."

"கொடம் கலரா தான் கீது. தண்ணி இன்னா கலரா கீதுன்னு பாரு."

நாலு அடி அடிச்சு ஒரு காலி கூல்டிரிங்ஸ் பாட்டில்ல புடிச்சு வெயிலுக்கு நேரா தூக்கிக் காட்டுனாங்க. பால் ஊத்தாத டீ மாதிரி இருந்துச்சு, நாத்தம் வேற. "இப்டி தள்ளி நில்லு, பின்னால அந்த சாக்கடையும் தெரியணும்"னு எடத்தயும் அவங்களே சொன்னாங்க. பேக்லைட்டு, முன்னால பாட்டிலு, பின்னால மூடாத கால்வா, நான் நின்ன எடத்துலேர்ந்து ரெண்டும் ஒண்ணா கெடச்சிருக்கவே கெடச்சிருக்காது. வடசென்னைனா ஒடனே பிளாக் அண்ட் ஒயிட் போட்டு, பழைய படம் மாதிரி புள்ளி புள்ளியா கிரெயின் ஏத்தி விடறவங்க மேல எனக்கு இதுக்கு முன்னாடி லேசா கடுப்பு இருந்துச்சு, இப்ப காரணமும் கெடச்சிருச்சு. இந்த படத்த பிளாக் அண்ட் ஒயிட்ல மாத்திப் பாத்தேன், அந்த தண்ணி ஏதோ மினரல் வாட்டர் கணக்கா இருக்கு.

படத்த அங்கயே வாட்ஸப்ல வாங்கிக்கிட்டாங்க. யார் யாருக்கு அனுப்புனாங்களோ, கொஞ்ச நாள்ல ஆளுங்க வந்து சந்த தோண்டுனாங்க, ஏதோ பைப்ப மாத்துனாங்க, பள்ளத்த மூடாம போய்ட்டாங்க. இப்ப அக்கா வாரம் தவறாம போன் பண்றாங்க, "தம்பி எப்ப வர்ற, பள்ளத்த எடுக்கணும், வண்டி வுழுந்துகினே கீது, நல்ல வெளிச்சமா இருக்கறப்போ வா". ஞாயித்துக்கிழம காலைல போறேன். வர்றவங்க வாங்க, அக்கா வீட்ல டீ உண்டு.