அப்பாவுக்கு 45 சதவீத ஊனம்: மாதப் பணம் கிடைக்குமா?

நாகலூர்ப் பெண்:
எங்களுக்கு ஏற்காடு பக்கம் நாகலூர். அப்பாவுக்கு 51 வயது, எஸ்டேட்டில் மிளகு பறிப்பவர். போன வருடம் சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணி சரிந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வலது பாதத்தைத் தூக்க வராது, செருப்பு தானாகக் கழன்றுபோகும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குதிகாலுக்கு வார் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்தக் காலோடு மரம் ஏறுவதாவது, மூட்டை தூக்குவதாவது! எஸ்டேட்டில் "உடம்பு தேறட்டும், பார்க்கலாம்" என்றதோடு சரி.

மெடிக்கல் போர்டில் ஊனம் 45 சதவீதம் என்று போட்டுச் சான்று கொடுத்தார்கள். காலை மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள். வேலைக்குப் போக முடிகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அரசின் மாதப் பணம் கிடைக்க எத்தனை சதவீதம் வேண்டும் என்று கேட்டால், ஊரில் ஒருவர் 40 போதும் என்கிறார், ஒருவர் 75 வேண்டுமாம், டீக்கடையில் 80 என்கிறார்கள். எதை நம்புவது?

அம்மாபேட்டை இ-சேவை:
மூன்று பேர் சொன்னதும் சரிதான் தங்கச்சி. மூன்றும் வேறு வேறு பணம். 80 என்பது மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியம். வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் இருக்க வேண்டும். 75 என்பது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000. கை கால் பாதிப்புக்கு அங்கே 75 கேட்பார்கள். அப்பாவுக்குப் பொருந்துவது வருவாய்த்துறை ஓய்வூதியம். 40 சதவீதமும் 18 வயதும் இருந்தால் மனு போடலாம், வருமானத்தையும் பார்ப்பார்கள். 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 1,500. சான்று, யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எடுத்துக்கொண்டு இ-சேவையில் பதியுங்கள். வி.ஏ.ஓ. விசாரிக்க வருவார், முடிவு தாசில்தார் கையில். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

போர்டில் வேலையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அவர்கள் அளப்பது உடம்பை மட்டும்தான். தறி ஓட்டுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் கால் பாதிப்பு ஒரே மாதிரி என்றால் ஒரே சதவீதம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படி.

சக்கர நாற்காலி, ஆத்தூர்:
வேலையைப் பற்றிக் கேட்கிற இடமும் உண்டு அம்மா. சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்களா? பி.எஃப்.போடு சேர்ந்த 1995 ஓய்வூதியத் திட்டத்தில் ஊனமுற்றோர் பென்ஷன் இருக்கிறது. பத்து வருடம் சேவை வேண்டும் என்பது இதற்குக் கிடையாது, ஒரு மாதச் சந்தா போயிருந்தால் போதும். பார்த்துவந்த அந்த வேலைக்கு இனி நிரந்தரமாகவும் முழுமையாகவும் லாயக்கில்லை என்று பி.எஃப். தரப்பு மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும். இந்தக் காலோடு உங்கள் அப்பா மிளகு பறிக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. பணியில் இருக்கும்போது ஏற்பட்ட ஊனம் என்பது முக்கியம். அதனால் வேலையை விட்டதாக எழுதி எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். வேலையில் பட்ட அடிக்கு முதலாளி தரவேண்டிய நஷ்டஈடு தனி. அதற்குக் காலக்கெடு உண்டு, தொழிலாளர் துறையில் சீக்கிரம் விசாரியுங்கள்.

இன்னொன்று, கேட்கவே சங்கடம்தான். அப்பாவுக்குச் சிறுநீர் அடக்க முடிகிறதா? முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்கு அதையும் சதவீதத்தில் சேர்ப்பார்கள். நம் ஆட்கள் நர்ஸ் பெண்கள் நிற்கிறார்கள் என்று வாயே திறப்பதில்லை. சான்றில் தற்காலிகமா நிரந்தரமா என்றும் பாருங்கள். அளவு குறைவு என்று தோன்றினால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மேல்முறையீடு செய்யலாம்.

நாகலூர்ப் பெண்:
அம்மாவிடம் கேட்டேன். ராத்திரியில் துணி மாற்ற வேண்டியிருக்கிறதாம், எனக்கே தெரியாது. போர்டில் அப்பா சொல்லவில்லை. சான்று தற்காலிகம்தான், அடுத்த வருடம் திரும்பப் போக வேண்டும். பழைய சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருக்கிறது. அந்த பி.எஃப். பென்ஷன் கேட்கும் படிவத்தில் எஸ்டேட் கையெழுத்து வேண்டுமா? கேட்டால் போடுவார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

சக்கர நாற்காலி, ஆத்தூர்:
10-டி படிவம். வழக்கமாக முதலாளி வழியாகத்தான் போகும். மறுத்தால் மறுத்ததையே எழுதி சேலம் பி.எஃப். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த போர்டுக்குப் போவதற்குள் அந்தச் சிறுநீர் விஷயத்தை ஒரு டாக்டரிடம் காட்டிச் சீட்டில் எழுத வையுங்கள். வாயால் மட்டும் சொன்னால் எடுபடாது.