கைத்தூண்டில்: ஈயம் கரைக்கே உருண்டு வருது, என்ன செய்யலாம்?

அலையோரம்: சின்ன வயசில் கரையில் நின்னு போட்ட கைத்தூண்டிலை இப்போ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கணும். கம்பு, ரீல் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் சுத்தின 0.40 மி.மீ. நரம்பு, முனையில் 30 கிராம் உருண்டை ஈயம், அதுக்கு மேலே இரண்டு முள். அலை ஈயத்தை உருட்டிக் கொண்டுவந்துடுது, கிளை நரம்பு (முள்ளைக் கட்டித் தொங்கவிடுற குட்டை நரம்பு) சிக்கிக்குது, இழுத்துப் பார்த்தா இரையும் இல்லை. எங்கே தப்பு?

மணல்திட்டு: உருண்டை ஈயம் மணலில் நிக்காது. பிரமிடு வடிவத்தில் 40 கிராம் போடுங்க, விளிம்பு மணலில் புதைஞ்சு பிடிச்சுக்கும். இன்னொன்னு, அலை ஈயத்தை மட்டும் தள்ளுறதில்லை, தண்ணிக்குள் கிடக்கிற நரம்பு முழுசையும் தள்ளுது. கையை உயர்த்திப் பிடிச்சா முதல் அலை நரம்புக்குக் கீழே போயிடும். அதுக்காக மெல்லிசு நரம்புக்கு மாறாதீங்க, பிள்ளைகள் விரலை அறுத்துடும்.

கிளை ஒவ்வொன்னும் 15 செ.மீ. போதும், இரண்டுக்கும் நடுவே 40 செ.மீ. விடுங்க. ஒன்னு இன்னொன்னை எட்டவே எட்டாது. கிளைக்கு 0.28 நரம்பு போட்டா, பாறையில் முள் மாட்டினாலும் கிளை மட்டும் அறும்.

பழையபாட்டில்: வீசும்போது பாட்டில் கழுத்தைப் பிடிங்க, அடிப்பக்கம் கடலைப் பார்க்கணும். பக்கவாட்டில் திரும்பியிருந்தா நரம்பு தடுக்கும், ஈயம் பாதி வழியில் விழும். இப்படி உருவி வர்ற ஒவ்வொரு சுத்துக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும், சிக்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான். முடிச்சதும் ஈயத்தைக் கழட்டிட்டு, ஆளில்லாத ஈர மணலில் நரம்பை முழுசா இழுத்துப் போட்டு, விரலுக்கு நடுவே விட்டுத் திரும்பச் சுத்துங்க. சுழற்றி வீசுறவரைச் சுத்தி 5 மீட்டருக்குள் யாரும் நிக்கக்கூடாது.

அலையோரம்: நன்றி. கிழங்கான் மீனுக்கு எந்த முள்? இரை?

மணல்திட்டு: 8 அல்லது 10. எண் கூடினா முள் சின்னது. கிழங்கானுக்கு வாய் சின்னது, பெரிய முள்ளில் இரையை மட்டும் உருவிட்டுப் போயிடும். இறாலைத் தோலுரிச்சு விரல் நகம் அளவுக்கு வெட்டி, முள்ளின் வளைவோடு கோர்த்து முனை லேசா வெளியே தெரியட்டும். வீசும்போதே இறால் பிய்ஞ்சு போனா, கணவாய்த் துண்டு மாத்துங்க, சவ்வு மாதிரி நிக்கும்.

வற்றநேரம்: தூரமா வீசணும்னு அவசியமே இல்லை. அலை ஒருமுறை உடைஞ்சு, அடங்கி, கரையோரம் மறுபடி உடையும். அந்த நடுவில் தண்ணி கருத்துத் தெரியுதே, அதுதான் பள்ளம். கடல் ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் மீன் அங்கேயே மேயும். நரம்பை ஆள்காட்டி விரல்மேல் விடுங்க, கையில் சுத்திக்கவே கூடாது. முதல் கொத்துக்கு இழுக்காதீங்க, நரம்பு நகர ஆரம்பிச்சதும் ஒரு சுண்டு.

கெளுத்தி வந்தா பிள்ளைகள் தொடக்கூடாது. முதுகில் ஒன்னு, பக்கத்துக்கு ஒன்னுன்னு மூணு விஷமுள். குத்தினா பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைங்க, டாக்டர்கிட்டயும் காட்டுங்க. தூண்டில் முள்ளோடு கிளையைக் கத்தரிச்ச மாதிரி கடிச்சிட்டுப் போறது பெரும்பாலும் பேத்தை மீன். அது மாட்டினா சமைக்கவே கூடாது, அதோட விஷம் வேகவைச்சாலும் போகாது.