வாசலில் "எல்லாரும் வாருங்கள்", பந்தியில் "நீங்க வேண்டாம்மா": இது சரியா?

கல்மண்டபம் ஜோ:
எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்து விற்பவர். புருஷன் 11 வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பவேயில்லை. அப்புறம் இன்னொருவரோடு குடித்தனம். ஏழு வயதில் பையன் இருக்கிறான். சமீபத்தில் ஒரு சின்ன சபைக்குப் போக ஆரம்பித்தார் (பெயர் வேண்டாம்). வாசல் ஃபிளெக்ஸில் "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்". முதல் ஞாயிறு திருவிருந்தில் (இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிர்கிற சடங்கு) அப்பத் தட்டு அவருடைய வரிசைக்கு வந்ததும் ஒரு மூப்பர், அதாவது சபைப் பெரியவர், குனிந்து, "நீங்க வேண்டாம்மா" என்றாராம். முன் வரிசையில் மீட்டர் வட்டிக்கு விடுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தட்டு தாராளமாகப் போனது. அந்த ஃபிளெக்ஸை என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

வியாசை சாட்சி:
பிரதர், அந்த அக்காவை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மூப்பர் பக்கம். ஒரு காலத்தில் நான் தினமும் குடித்தேன். வீட்டில், தெருவில், வேலையில் எல்லாரும் என்னை அனுசரித்துப் போனார்கள். "பாவம், நல்ல மனுஷன், குடிச்சா மட்டும்தான்" என்றார்கள். எங்கள் பாஸ்டர் ஒருவர்தான் முகத்துக்கு நேரே "இது பாவம், விட்டுடு" என்றார். எட்டு மாதம் எனக்கு அப்பம் கொடுக்கவில்லை. வரவேற்கவும் தவறவில்லை, தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் "பரவாயில்லை வா" என்று மட்டும் சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரம்மா இன்றைக்கும் அடி வாங்கிக்கொண்டிருப்பார். பைபிளில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையை எல்லாரும் பாதியோடு நிறுத்துகிறீர்கள். "நானும் உனக்கு ஆக்கினைத்தீர்ப்பு அளிக்கிறதில்லை" என்றவர்தான் அதே மூச்சில் "நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்றார்.

கல்மண்டபம் ஜோ:
நீங்கள் குடித்தீர்கள், ஒருத்தர் அடி வாங்கினார். அந்த அக்காவால் அடி வாங்கியது யார் அண்ணே?

பெரம்பூர் மரியா:
எங்கள் கத்தோலிக்கப் பக்கத்தைச் சொல்கிறேன். பிப்ரவரி 11, லூர்து மாதா திருவிழா அன்றைக்கு எங்கள் கோயில் பக்கம் வந்து பாருங்கள். மெழுகுவர்த்தியோடு நிற்பவர்களில் எத்தனை பேர் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. வாசல் எல்லாருக்கும். நற்கருணை (நீங்கள் திருவிருந்து என்பதுதான்) விஷயம் வேறு. முதல் கல்யாணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்க்காதவரை, இன்னொருவரோடு வாழ்கிறவர் வாங்க முடியாது என்பதுதான் எங்கள் சட்டம். 1981இல் போப் இரண்டாம் ஜான் பால் அதை எழுதியபோதே, அவர்களைத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்களாக நினைக்கக் கூடாது என்றும் சேர்த்துத்தான் எழுதினார். 2015இல் போப் பிரான்சிஸ் அந்த நீதிமன்ற வழக்கை எளிதாக்கினார். அடுத்த வருஷம் வந்த ஏட்டில், ஒவ்வொருவர் நிலைமையையும் ஃபாதர் தனித்தனியாகப் பார்த்து வழிகாட்டட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார். எவ்வளவு திறந்தது என்று கர்தினால்மார்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் லிஸ்பனில் "எல்லாரும், எல்லாரும், எல்லாரும்" என்று மூன்று தடவை சொன்னவரும் அவர்தான். அதே டிசம்பரில் ஒருபால் ஜோடிகளுக்கு எளிய ஆசீர் கொடுக்கலாம், ஆனால் அது கல்யாணம் ஆகாது, போதனையும் மாறாது என்று வத்திக்கான் சொன்னது. இரண்டு பக்கமும் கோபப்பட்டது. வரவேற்பு, போதனை இரண்டையும் பிடித்துக்கொண்டு நடப்பது கஷ்டம்தான். அதற்காக ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் தட்டு நீட்டும்போது குனிந்து சொன்னது தப்பு. எங்கள் ஃபாதராக இருந்தால் முன்கூட்டியே வீட்டில் வைத்துப் பேசியிருப்பார்.

ஹார்பர் ரிட்டையர்டு:
நான் 20 வருஷம் சேகரக் கமிட்டியில் (சபையை நிர்வகிக்கிற குழு) இருந்தவன். ஒழுங்கு நடவடிக்கை யார்மேல் வரும் என்று எனக்குக் கணக்கு தெரியும். வேறு மதத்துப் பையனோடு ஓடிய பெண், கல்யாணத்துக்கு முன்னால் கர்ப்பமான பெண், புருஷனை விட்ட பெண். வரதட்சணை வாங்கியவனுக்கு நாங்கள் ஒரு தடவைகூடத் திருவிருந்தை நிறுத்தியதில்லை. அவன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டிருக்கிறோம். சாதி பார்த்துப் பெண் கொடுப்பதைப் பாவம் என்று பிரசங்கத்தில் கேட்டதாகவும் ஞாபகமில்லை.

வியாசைத் தம்பி, 1 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தை எடுங்கள். யாரோடு சாப்பிடக்கூடாது என்று பவுல் பட்டியல் போடுகிறார். முதலில் விபசாரக்காரன். அடுத்த சொல் என்ன? பொருளாசைக்காரன். ஒரே வசனம், அடுத்தடுத்த சொல். முதல் சொல்லில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டாவதில் கழற்றி வைத்துவிடுகிறோம்.

வியாசை சாட்சி:
ஐயா, இதற்கு நான் மறுப்பு சொல்லமாட்டேன். மீட்டர் வட்டிக்காரருக்கும் தட்டை நிறுத்த வேண்டும். தராசு கோணல் என்றால் தராசைச் சரி பண்ணுவோம், கடையை ஏன் மூட வேண்டும்?

கல்மண்டபம் ஜோ:
எல்லாருக்கும் நிறுத்தினால் அப்பம் மிஞ்சிவிடும் அண்ணே. கோதுமை நிலத்தில் களை முளைத்ததைப் பற்றி இயேசு சொன்ன உவமையைப் பாருங்கள். "அறுப்பு மட்டும் இரண்டையும் வளரவிடுங்கள்" என்றுதானே இருக்கிறது?

வியாசை சாட்சி:
அங்கே நிலம் என்பது உலகம் என்று இயேசுவே விளக்கம் சொல்லிவிட்டார். சபை இல்லை.

ஹார்பர் ரிட்டையர்டு:
தம்பி, உங்கள் வாதம் 1,600 வருஷம் பழசு. வட ஆப்பிரிக்காவில் டொனாட்டஸ் என்ற ஆயரின் கட்சிக்காரர்கள் இதையேதான் சொன்னார்கள், 411இல் கார்த்தேஜில் கூடிய கூட்டத்தில் ஆயர் அகஸ்டின் எதிர்த்து வாதாடினார். சுத்தமானவர்களின் சபைதான் சபை என்பது அவர்கள் கட்சி.

எண்ணூர் நிலா:
நான் திருநங்கை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள். என் பிரச்சினை தட்டு வரைக்கும் போகவே இல்லை. எங்கள் சபையில் ஆண்களுக்கு வலது பக்கம், பெண்களுக்கு இடது பக்கம் பாய். நான் இடது பக்கம் உட்கார்ந்தால் அக்காமார்கள் நகர்கிறார்கள், வலது பக்கம் போக எனக்கு முடியாது. ஆறு மாதமாகச் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றே பாட்டுப் பாடிவிட்டு வருகிறேன். அண்ணகன் (விதை நீக்கப்பட்டவர்) கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்கிறது. ஏசாயா 56இல் அதே ஆட்களுக்கு ஆலயத்துக்குள்ளேயே ஒரு இடமும் ஒரு பெயரும் கிடைக்கிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி "ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்கிறார், பிலிப்பு அவரோடு தண்ணீரில் இறங்குகிறார். அவரும் அண்ணகன்தான்.

வியாசை சாட்சி:
சிஸ்டர், உங்களை நிற்க வைத்தது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்ற எங்கள் போதனையை நான் மாற்றிச் சொல்ல முடியாது.

எண்ணூர் நிலா:
போதனையை மாற்றச் சொல்லவில்லை பிரதர். பாய் எங்கே போடுவது என்றுதான் கேட்டேன்.

பெரம்பூர் மரியா:
எங்கள் கோயிலில் பெஞ்சு. குடும்பமாகக் கலந்துதான் உட்காருவோம். நீங்கள் வந்தால் என் பக்கத்தில் உட்காருங்கள். யாராவது நகர்ந்தால் நமக்கு இடம் தாராளம்.

வியாசை சாட்சி:
ஜோ பிரதர், ஒன்று கேட்கிறேன். அந்த அக்கா ஏன் விவாகரத்து வாங்கவில்லை? வாங்கி, இப்போது இருப்பவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் மூப்பர் வாயே திறக்க முடியாதே.

ஹார்பர் ரிட்டையர்டு:
லேசாகக் கேட்டுவிட்டீர்கள். 1869இல் போட்ட சட்டப்படி கிறிஸ்தவப் புருஷன் மனைவியின் விபசாரத்தை மட்டும் காட்டினால் போதும். மனைவி கேட்டால் விபசாரத்தோடு கொடுமையோ கைவிட்டதோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001இல்தான் மாறியது. இப்போது இரண்டு வருஷம் விட்டுவிட்டுப் போனதே போதுமான காரணம். ஆனால் மீன் கூடையை வைத்துவிட்டு யார் வாய்தாவுக்கு அலைவது? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, குடும்ப நீதிமன்றமும் ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. இதை அந்த மூப்பர் சொல்லியிருக்கலாம். தட்டை மறிக்கத் தெரிந்தவருக்கு வழி காட்டத் தெரியவில்லை.

கல்மண்டபம் ஜோ:
அக்கா இப்போது செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போகிறார். "அங்க கூட்டத்துல என்னை யாருக்கும் தெரியாதுடா" என்றார். வரவேற்பு என்பது இதுதானா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

வியாசை சாட்சி:
இல்லை பிரதர், அது வரவேற்பு இல்லை. என் பாஸ்டர் எட்டு மாதம் வீட்டுக்கு வந்தார் என்றேனே. அக்காவிடம் முதல் கல்யாணச் சர்ட்டிபிகேட் இருக்கிறதா? எனக்குப் புதன்கிழமை லீவு. ஹைகோர்ட்டுக்குக் கூட வருகிறேன். தீர்ப்பு வரும்வரை அப்பம் விஷயத்தில் என் கருத்து மாறாது, அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கல்மண்டபம் ஜோ:
சர்ட்டிபிகேட்டைக் கேட்டுச் சொல்கிறேன். ஏலம் முடிந்து, விற்றுவிட்டு பத்து மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருவார். கடைசியாகச் சொன்னதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் அண்ணே.