சந்தேகம்: பழைய போனவில்லுக்கு எந்தப் பின் ஷாக் அப்சார்பர் பொருந்தும்?

கம்பிச்சக்கரம்:
வணக்கம். என்னிடம் உள்ள பழைய ட்ரையம்ஃப் போனவில் மோட்டார் சைக்கிளின் பின் ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் வண்டி மூன்று நான்கு முறை குதித்த பிறகே அடங்குகிறது. வேகமாக வளைவில் திரும்பும்போது பின்பகுதி ஆடுகிறது. உடனே வாங்கியாக வேண்டும் என்பதால் ஹேகன், இக்கான், ஒய்எஸ்எஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் ஷாக்குகளில் எது சிறந்தது என்று மட்டும் சொன்னால் போதும். மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடையே உள்ள நீளம் ஒத்துப்போனால் எதையும் மாட்டலாம் அல்லவா?

பட்டறைவாசி:
நண்பரே, பெயரைச் சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது? 1971 மாடலில் இருந்து சட்டகத்தின் நடுக்குழாயே என்ஜின் ஆயில் தொட்டியாக மாறியது. சட்டகமே வேறு என்பதால் இரண்டு வகைக்கும் ஒரே பதில் கூற இயலாது. உங்கள் எடை என்ன, பின்னால் ஆள் அமர்வது உண்டா, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்க அதன் அடியில் உள்ள கேம் வளையம் எந்த நிலையில் இருக்கிறது, தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்பவற்றையும் எழுதுங்கள்.

எண்ணெய்க்கறை:
இத்தனை கேள்விகளுக்கு அவசியம் இல்லை. காஸ் நிரப்பிய ஷாக் வாங்குங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும். பழைய எண்ணெய் ஷாக்கில் எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருப்பதால், தொடர்ந்து குலுங்கும்போது இரண்டும் கலந்து நுரைத்துவிடுகின்றன. நுரை வால்வின் துளைகளில் எளிதாகப் புகுந்து வெளியேறுவதால் டேம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் தடை, குறைந்துபோகிறது. மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் எண்ணெயையும் நைட்ரஜனையும் தனித்தனியே பிரித்து அழுத்தத்தில் வைத்திருக்கும் ஒற்றைக்குழாய் ஷாக்கில் இந்தக் குறை எழுவதே இல்லை. குண்டும் குழியுமான பாதையில் நெடுநேரம் ஓட்டிய பிறகும் அது தளர்வதில்லை என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

திருகுமரை:
புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதே தவறைச் செய்கிறார்கள், அதைத் திருத்துவது என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. குதிப்பது ஒரு நோய், ஆடுவது வேறொரு நோய். மேட்டுக்குப் பிறகு வண்டி திரும்பத் திரும்பக் குதித்தால் டேம்பிங் போய்விட்டது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் வளைவில் பின்பகுதி ஆடுவதற்கு, பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் சுவிங் ஆர்மின் அச்சில் உள்ள வெண்கலப் புஷ் (உறை) தேய்ந்திருப்பதோ, சக்கர பேரிங், தளர்ந்த ஆரக்கம்பிகள், டயரின் காற்று, ஹேண்டில் பேரிங் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோ காரணமாக இருக்கலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தையும் இரண்டு ஷாக்குகளையும் கழற்றிவிட்டு, சுவிங் ஆர்மின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கையால் உணரும் அளவுக்கு ஆட்டம் இருக்கக் கூடாது. மேலும் கீழும் அது எங்கும் சிக்காமல் நகர வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாதவர் எவ்வளவு உயர்ந்த ஷாக் வாங்கினாலும் அதே ஆட்டத்தைத்தான் காண்பார்.

கம்பிச்சக்கரம்:
1969ஆம் ஆண்டு வண்டி. என் எடை 82 கிலோ, பெரும்பாலும் மனைவியும் உடன் வருவார். இடது ஷாக்கில் கசிவு இருக்கிறது. கேம் வளையம் மூன்றாம் நிலையில், அதாவது மிக உயர்ந்த நிலையில் இருக்கிறது. நீளம் 318 மி.மீ. என்று அளந்தேன்.

பட்டறைவாசி:
அந்த 318 மி.மீ. அளவை வண்டி இரு சக்கரங்களிலும் நிற்கும்போது எடுத்தீர்களா? அப்படியானால் வண்டியின் எடையால் ஷாக் அமுங்கியிருந்த நிலையில்தான் அதை அளந்திருக்கிறீர்கள். அதை நம்பி வாங்கினால் பின்பகுதி தாழ்ந்துபோகும். கழற்றி, முழுமையாக நீண்டிருக்கும் நிலையில் மேல் போல்ட்டின் மையத்தில் இருந்து கீழ் போல்ட்டின் மையம் வரை அளக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: இத்தனை ஆண்டுகளில் யாரோ ஒருவர் வேறு வண்டியின் ஷாக்கை மாட்டியிருக்கலாம். ஆகவே இப்போது வண்டியில் இருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், அந்த ஆண்டுக்குரிய உதிரிபாகப் புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்தும் ஒப்பிடுங்கள். ஷாக்கின் முனைகளில் உள்ள புஷ்ஷின் உள்விட்டம், அகலம், ஸ்பிரிங்கின் வெளிவிட்டம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தடித்துவிட்டால் ஒரு பக்கம் செயின் கார்டிலும் மறுபக்கம் சைலன்சரின் பிடியிலும் உரசும்.

வளைவுநேசன்:
எப்படியும் மாற்றப் போகிறீர்கள், 20 மி.மீ. நீளமானதையே போட்டுவிடுங்கள். பின்பகுதி உயர்ந்தால் வண்டி வளைவில் சட்டென்று சாயும், ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசுவதும் குறையும். என் வண்டியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், மிகவும் நிறைவாக இருக்கிறது.

திருகுமரை:
இந்த அறிவுரையை ஏற்கும் முன் கணக்கைப் பாருங்கள். இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 1400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பின்புறம் 20 மி.மீ. உயரும்போது முன் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய 0.8 பாகை செங்குத்தாகிறது. டிரெயில், அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தொலைவு, 5 அல்லது 6 மி.மீ. குறைகிறது. நேர் சாலையில் வண்டியை நிலையாக வைத்திருப்பது அந்த டிரெயில்தான். ஏற்கெனவே பின்பகுதி ஆடுகிறது என்று சொல்பவருக்கு அதைக் குறைக்கச் சொல்வது சரியல்ல. சுவிங் ஆர்ம் அதிகம் கீழிறங்குவதால் செயினின் மேல்பகுதி சுவிங் ஆர்மை நெருங்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் பின் சக்கரம் தரையை விட்டு எழாமல் போகலாம். 5 மி.மீ. வேறுபாடு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எனக்கு உடன்பாடில்லை.

எண்ணெய்க்கறை:
நீளத்தை விடுங்கள். இருவர் அமர்ந்தால் கேம் வளையத்தைத் திருப்பி ஸ்பிரிங்கைக் கடினமாக்கிக்கொள்ளலாமே. அதற்காகத்தானே அந்த வளையமே இருக்கிறது? ஆகவே மென்மையான ஸ்பிரிங்கே போதும்.

திருகுமரை:
வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாவதில்லை. ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 17.5 நியூட்டன் விசை தேவை என்றால், அதாவது பழைய கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 100 பவுண்டு என்றால், வளையம் எந்த நிலையில் இருந்தாலும் அடுத்த 1 மி.மீ. அமுங்க அதே 17.5 நியூட்டன்தான். வளையத்தால் கிடைப்பது உயரம் மட்டுமே. வண்டி உயர்ந்து நிற்பதால் அடியில் மோதுவதற்கு முன் கூடுதல் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெய்க்கறை:
மூன்றாம் நிலையில் வைத்து ஓட்டும்போது இருக்கை கடினமாகத் தெரிவதை நான் என் முதுகெலும்பால் உணர்ந்திருக்கிறேன். அனுபவத்தைக் கணக்கால் மறுக்க முடியாது.

மேட்டுப்பாதை:
இருவர் சொல்வதிலும் உண்மை இருப்பதால் குறுக்கிடுகிறேன். சுருள்கள் சம இடைவெளியில் உள்ள ஸ்பிரிங்குக்குத் திருகுமரை அவர்கள் சொன்னது முழுவதும் பொருந்தும். ஆனால் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங்கில், வளையத்தைத் திருப்பும்போது நெருக்கமான சுருள்கள் முன்னதாகவே ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிறகு வேலை செய்யும் சுருள்கள் குறைவதால் அது உண்மையாகவே கடினமாகிறது. சம இடைவெளி ஸ்பிரிங்கிலும், தனியாக ஓட்டுபவர் வளையத்தை மிக உயர்த்தி வைத்தால் ஷாக் ஏறக்குறைய முழுதாக நீண்ட நிலையிலேயே நிற்கும். அப்போது சக்கரம் பள்ளத்தில் இறங்க இடம் இல்லாததால் ஒவ்வொரு குழியிலும் தட்டும். எண்ணெய்க்கறை அவர்கள் உணர்ந்தது அந்தத் தட்டலாக இருக்கக்கூடும்.

திருகுமரை:
நெருக்கச் சுருள் பற்றியது சரி. இருந்தாலும் மென்மையான ஸ்பிரிங் போதும் என்ற முடிவு அதில் இருந்து வராது.

பட்டறைவாசி:
கேள்வி கேட்டவரின் பக்கம் திரும்புவோம். இருவர் அமர்வதுதான் வழக்கம் என்பதால், ஸ்பிரிங்கை அந்த எடைக்கே தேர்ந்தெடுக்க வேண்டும். தயாரிப்பாளரிடம் இருவரின் எடையையும் உடை, தலைக்கவசத்துடன் சேர்த்துச் சொல்லுங்கள். ஹேகனில் ஓட்டுபவரின் எடையைச் சொன்னால் அதற்கேற்ற ஸ்பிரிங்கை வைத்துத் தருவார்கள். இக்கான், பழைய கோனி நிறுவன ஷாக்கின் வடிவமைப்பைத் தொடர்ந்து செய்து வருகிறது. அதில் ரீபவுண்ட் டேம்பிங்கை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும்போது எழும் தடையை, திருப்பிக் கூட்டலாம், பிற்காலத்தில் பிரித்து சீல் மாற்றவும் முடியும். ஸ்பிரிங் கடினமாக ஆக, அது திரும்பி விரியும் வேகத்தை அடக்க ரீபவுண்டும் கூட வேண்டும் என்பதால், சில நாள் தனியாகவும் பல நாள் இருவராகவும் செல்லும் உங்களுக்கு இந்த வசதி மிகவும் பயன்படும் என்பது என் கருத்து. எண்ணெய்க்கறை அவர்கள் சொன்ன காஸ் வகையும் நல்லதே, ஆனால் எடைக்கு ஒவ்வாத ஸ்பிரிங்கை எந்த நைட்ரஜனும் ஈடுசெய்யாது.

வந்ததும் மூன்று அளவுகள் எடுங்கள். பின் அச்சில் இருந்து நேர்மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை, முதலில் சக்கரம் தொங்கும் நிலையில், பிறகு வண்டி தானே நிற்கும்போது, கடைசியாக நீங்கள் இருவரும் அமர்ந்த பின் அளக்க வேண்டும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வேறுபாடு, சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்தத் தொலைவில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். உதாரணமாக 75 மி.மீ. நகரும் சக்கரத்துக்கு 25 மி.மீ. அந்த அளவைக் கொண்டுவர வளையத்தை எல்லைவரை திருப்ப வேண்டியிருந்து, வண்டி தன் எடையில் சிறிதும் அமுங்காமல் நின்றால் ஸ்பிரிங் மென்மையானது என்று பொருள். இரட்டைக்குழாய் எண்ணெய் ஷாக் என்றால், மாட்டும் முன் நேராக நிறுத்திப் பலமுறை அமுக்கி விடுங்கள். படுக்க வைத்திருந்தபோது உள்குழாயில் புகுந்த காற்று அப்போதுதான் வெளியேறும்.

வளைவுநேசன்:
கம்பிச்சக்கரம் அவர்களே, சுவிங் ஆர்மைப் பார்த்தீர்களா? பதில் இல்லையே.

கம்பிச்சக்கரம்:
தாமதத்திற்கு மன்னிக்கவும். கழற்றி அளந்தபோது 328 மி.மீ. வந்தது. சுவிங் ஆர்மில் பக்கவாட்டு ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது. புஷ்களை மாற்றி கிரீஸ் அடித்ததும், பழைய ஷாக்குகளோடே வளைவு ஆட்டம் நின்றுவிட்டது. பிறகு அதே நீளத்தில், இருவர் எடைக்கான ஸ்பிரிங்குடன் இக்கான் வாங்கி மாட்டினேன். குதிப்பும் இல்லை. புதிய கீழ்ப் புஷ் ஏறக்குறைய 1 மி.மீ. அகலம் கூடுதலாக இருந்ததால் வாஷரை எடுத்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

திருகுமரை:
வாஷர் இல்லாவிட்டால் நட் எதன் மேல் அமர்கிறது என்பதைப் பாருங்கள். புஷ்ஷின் நடுவில் உள்ள எஃகுக் குழாய்தான் இறுகப் பிடிபட வேண்டும், ரப்பர் நசுங்கக் கூடாது. ரப்பரை நசுக்கினால் புஷ் விரைவில் கிழிந்துவிடும். வாஷரைத் திரும்பப் போட்டு, குழாயின் அகலத்தை 1 மி.மீ. அராவித் தேய்ப்பதே முறை. கடைசி இறுக்கத்தை வண்டி சக்கரங்களில் நிற்கும்போது கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும்.

கம்பிச்சக்கரம்:
பார்க்கிறேன்.