ஆடுபுலி ஆட்டத்த போன்ல ஆட முடியுமா? மாமா பார்டருக்கு அந்தாண்ட, நாங்க இந்தாண்ட

பொன்னையாத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு ஆந்திராவுல சித்தூர் மாவட்டம், குடிபாலா பக்கம் ஒரு சின்ன கிராமம். வீட்டுல பேசறது தமிழ், கடையில பேசறது தெலுங்கு, பொண்ணு குடுக்கறது எடுக்கறது எல்லாம் தமிழ்நாட்டுல பொன்னை, காட்பாடி, சோளிங்கர் பக்கம் தான். எங்களுக்கு பார்டர்னு ஒண்ணு இருக்கறதே இந்த 2020 மார்ச் 24 ராத்திரி கொரோனா லாக்டவுன் போட்டதுக்கு அப்புறம் தான் உறைச்சுது. அதுக்கு முன்னாடி பொன்னை சந்தைக்கு போயிட்டு டீ ஆறதுக்குள்ள வந்துடுவோம், இப்ப செக்போஸ்ட், மண்மேடு, போலீஸ். ஏப்ரல் கடைசில பொன்னை பக்கமும் குடியாத்தம் பலமநேர் ரோட்டுல சைனகுண்டா கிட்டயும் ரோட்டுக்கு குறுக்க ஹாலோ பிளாக்ல சுவரே எழுப்பிட்டாங்க, எல்லாரும் சத்தம் போட்ட பிறகு இடிச்சாங்க, நியூஸ்ல பாத்திருப்பீங்க.

விஷயத்துக்கு வரேன். எங்க அம்மாவோட தம்பி, எனக்கு தாய்மாமா, பொன்னை பக்கத்துல இருக்காரு. வாராவாரம் ஞாயித்துக்கிழமை வந்தா கோயில் மண்டபத்துல உக்காந்து ஆடுபுலி ஆடுவோம் (ஒருத்தரு புலி, இன்னொருத்தரு ஆடு, புலி ஆட்ட தாண்டி வெட்டும், ஆடுங்க சேந்து புலிய நகர விடாம அடைக்கணும்), அந்த கல்லுலயே யாரோ எந்த காலத்துலயோ கட்டம் செதுக்கி வெச்சிருக்காங்க. அவரு புலி எடுத்தாருன்னா ஊர்ல யாராலயும் அடைக்க முடியாது. இப்ப மனுஷன் தனியா இருக்காரு, அத்தை போன வருஷம் தவறிட்டாங்க, பையன் பெங்களூர்ல மாட்டிகிட்டான். தினமும் போன் பண்றேன், சாப்டீங்களா மாமா, மாடு எப்படி இருக்கு, அதுக்கு மேல பேச்சு ஓட மாட்டேங்குது. அவரு குரல் நாளுக்கு நாள் கம்மி ஆகிகினே போகுது. இந்த ஆட்டத்த போன்லயே ஆட வெச்சா எப்படி இருக்கும்னு தோணுச்சு. ஆனா எந்த புள்ளியில வெச்சேன்னு எப்படி சொல்றது? "மேல இருந்து ரெண்டாவது கோட்டுல இடது பக்கம் மூணாவது"ன்னு சொல்லி சொல்லி ஒருநாள் ட்ரை பண்ணோம், நடுவுலயே குழம்பி விட்டுட்டோம். அவருகிட்ட இருக்கறது பட்டன் போன், வாட்ஸ்ஆப் எல்லாம் கிடையாது.

யாராவது வழி சொல்லுங்க. அப்படியே உங்க ஊர்ல பொழுது எப்படி போகுதுன்னும் சொல்லுங்க, லாக்டவுன மே 17க்கு அப்புறமும் நீட்டிப்பாங்கன்னு தான் பேசிக்கறாங்க.

நகரி_தறிக்காரன்:

தம்பி, ரொம்ப சுலபம், கட்டத்துக்கு நம்பர் போட்டுடு. நாங்க சின்ன வயசுல தறிக்கொட்டாயில ஆடறப்ப இப்படி தான், ஒருத்தன் தறிய விட்டு எழுந்து வர முடியாது, அங்க இருந்தே நம்பர் கத்துவான், இன்னொருத்தன் காய நகத்துவான்.

கவனமா வரைஞ்சுக்கோ. உச்சியில ஒரு புள்ளி. அதுல இருந்து கீழ விசிறி மாதிரி நாலு கோடு இறங்கும். அந்த நாலையும் குறுக்க வெட்டிகினு மூணு படுக்கை கோடு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய நீட்டிகினு இருக்கும், அந்த நீட்டின முனைங்கள இந்தப் பக்கம் ஒரு கோடு அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டு சேத்துடு. கடைசியில நாலு கோடும் முடியற இடத்துல அடிக்கோடு. ஆக மொத்தம் உச்சி 1, படுக்கை கோடு ஒவ்வொண்ணுலயும் 6 புள்ளி வீதம் 18, அடியில 4, மொத்தம் 23.

நம்பர் எப்படின்னா உச்சி 1. முதல் கோடு இடது பக்கத்துல இருந்து 2 தொடங்கி 7 வரைக்கும். ரெண்டாவது கோடு 8ல இருந்து 13. மூணாவது 14ல இருந்து 19. அடிக்கோடு 20, 21, 22, 23. அவ்ளோ தான். மாமாவையும் அதே மாதிரி திண்ணையில சாக்பீஸ்ல வரைஞ்சு நம்பர் எழுதிக்க சொல்லு. அப்புறம் போன்ல "ஆடு 14"னா முடிஞ்சுது, புலி வெட்டுச்சுன்னா "4ல இருந்து 16, 10 அவுட்"னு சொன்னா போதும். ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் காய வெச்சுக்கணும், ஒவ்வொரு அஞ்சு காய் நகத்தலுக்கும் ஒருதடவ எந்த எந்த நம்பர்ல காய் இருக்குன்னு படிச்சு சரி பாத்துக்குங்க, இல்லனா சண்ட வரும்.

இங்க நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் எல்லாம் பவர்லூம் சத்தம் நின்னு போச்சு. பாவு இல்ல, நூல் இல்ல, நெய்ஞ்ச துணிய வாங்க ஆளும் இல்ல. ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது, அந்த தடதடங்கற சத்தத்துல தூங்கி பழகினவங்க நாங்க. ஆந்திராவுல ரேஷன் கார்டுக்கு 1000 ரூபா கவர்மெண்ட் வாலன்டியர் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தாங்க, அந்தப் பக்கம் தமிழ்நாட்டுலயும் அரிசி கார்டுக்கு 1000 குடுத்தாங்கன்னு மச்சான் சொன்னாரு, ஆனா கூலி இல்லாத வீட்டுக்கு அது எத்தன நாளைக்கு. ஆட்டம் தான் மனச பிடிச்சு வெச்சிருக்கு. வீட்டுல தாயக்கட்டை காணோம், புளியங்கொட்டைய கல்லுல தேய்ச்சு ஒரு பக்கம் வெள்ள ஆக்கி அத உருட்டி ஆடறோம், புள்ளைங்களுக்கு கட்டைய விட இது தான் புடிச்சிருக்கு.

ஆத்தோரம்:

நல்ல ஐடியா, ஆனா ஊர்ல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். மண்டபத்துல கூட்டமா உக்காந்து சீட்டு, தாயம் வேண்டாம். விஜயவாடாவுல கிருஷ்ணலங்கா பக்கம் ஒரு லாரி டிரைவர் பொழுது போகலன்னு அக்கம்பக்கத்துல சீட்டு ஆடினாரு, பொம்பளைங்க ஹவுசிங்கற நம்பர் ஆட்டம் ஆடினாங்க, அப்படியே 24 பேருக்கு தொத்திக்கிச்சுன்னு ஏப்ரல் கடைசில கலெக்டரே சொன்னாரு. திருப்பூர் பக்கம் ட்ரோன் விட்டு கேரம் ஆடின பசங்கள தொரத்துன வீடியோவ எல்லாரும் ஜாலியா ஷேர் பண்ணாங்க, விஜயவாடா கதைய கேட்ட பிறகு எனக்கு அது ஜாலியா தெரியல. வீட்டு ஆளுங்களுக்குள்ள ஆடுங்க, இல்ல இந்த தம்பி கேக்கற மாதிரி போன்ல ஆடுங்க.

குடியாத்தம்_பொண்ணு:

நான் பொறந்தது குடியாத்தம், வாழ்க்கப்பட்டது பலமநேர் பக்கம். பொழுது எப்படி போகுதுன்னு கேட்டீங்களே, ஆம்பளைங்க பதில் எல்லாம் ஆட்டத்தோட நிக்குது, அதனால நானும் எழுதறேன்.

பொம்பளைங்களுக்கு லாக்டவுன்ல பொழுது "போக்க" வேண்டிய நிலைமையே இல்ல. பெங்களூர்ல வேல பாத்த கொழுந்தனாரு குடும்பம் வந்துட்டாங்க, புள்ளைங்களுக்கு ஸ்கூல் இல்ல, மூணு வேளைக்கும் அடுப்பு எரியுது. மாட்டுக்கு லாக்டவுன் தெரியாது, விடியக்கால பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தணும். தக்காளி பழுத்து தொங்குது, மார்க்கெட்டுக்கு அனுப்பினா பறிக்கற கூலி கூட நிக்காதுன்னு பாதிய மாட்டுக்கே போட்டோம், மீதிய உப்பு போட்டு வெயில்ல காய வெச்சேன். மாங்கா இறங்க ஆரம்பிச்சுது, மாமியாரு ஆவக்கா ஊறுகா போட்டே ஆகணும்னு நிக்கறாங்க, கடுகு இடிச்சு மிளகாத்தூள் கலந்து நல்லெண்ண ஊத்தி ஜாடிய துணியில கட்டி வெக்கறதுக்குள்ள இடுப்பு போயிடுது.

ஆனா மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு ஆம்பளைங்க தூங்கற நேரம் ஒண்ணு கெடைக்குது பாருங்க, அது எங்களோடது. நானு, மாமியாரு, ஓரகத்தி, மூணு பேரும் பல்லாங்குழி. பலக இல்ல, வாசல் மண்ணுல பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினாலு குழி தோண்டி புளியங்கொட்ட போட்டு ஆடறோம். குழியில நாலு சேந்தா பசு, எடுத்துக்கலாம். இவ்வளவு வருஷமா மாமியாருகிட்ட பருப்பு, பால், புள்ள இத தவிர வேற பேசினதே இல்ல நான். இப்ப அவங்க குழியில கை வெச்சுகினு அவங்க பொறந்த வீட்டு கதைய சொல்றாங்க, அவங்க அக்கா தங்கச்சிங்க எப்படி ஏமாத்துவாங்கன்னு சொல்லி சிரிக்கறாங்க. எனக்கு இந்த லாக்டவுன்ல கெடைச்ச நல்லது இது ஒண்ணு தான்னு நெனைக்கறேன், முடிஞ்ச பிறகும் இந்த நேரத்த விட்டுக்குடுக்க மாட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேன்.

மனசு வலிக்கறது ஒண்ணு. இந்த வாரம் வைகாசி 1, எங்க ஊரு கெங்கையம்மன் சிரசு திருவிழா. சிரசு ஊர்வலம் வர்ற வழியில கால் வெக்க எடம் இருக்காது, கல்யாணம் ஆகி எங்க இருந்தாலும் அன்னிக்கு ஊருக்கு போயிடுவோம். இந்த வருஷம் கூட்டமும் கிடையாது, போகவும் வழி இல்ல. அம்மாகிட்ட போன்ல அழுதுட்டேன்.

தம்பி, உங்க மாமாகிட்ட ஆட்டம் மட்டும் ஆடாம இடையில பேச்சும் குடுங்க. கையில காய் இருந்தா வாயில பேச்சு தானா வரும், நான் எங்க வீட்டுலயே பாத்துட்டேன்.

பொன்னையாத்துக்காரன்:

நகரி அண்ணா, அக்கா, ரொம்ப தேங்க்ஸ். நேத்து சாயங்காலம் நம்பர் போட்டு ஆடினோம். மாமா புலிக்கு கரித்துண்டு, ஆட்டுக்கு ஆமணக்கு கொட்ட வெச்சாரு, நான் சோடா மூடி. போன ஸ்பீக்கர்ல போட்டு திண்ணையில வெச்சுட்டு ஆடினோம், சார்ஜ் தீர்ற வரைக்கும் வெக்கல. அக்கா சொன்ன மாதிரியே நடுநடுவுல அத்தைய பத்தி அவரே பேசினாரு, அவங்க போனதுக்கு அப்புறம் அவரு வாயால அந்த பேச்சு எடுத்தது இது தான் முதல் தடவ.

ஆனா ரூல்ல தகராறு. அஞ்சு ஆட்ட வெட்டினா புலி ஜெயிச்சுதுன்னு மாமா சொல்றாரு, எங்க ஊர்ல ஆறு. அப்புறம் 15 ஆடும் எறங்கறதுக்கு முன்னாடி ஆட்ட நகத்தலாமா கூடாதா? அவரு கூடவே கூடாதுன்றாரு. ஒவ்வொரு தடவையும் நான் ஆடு, நான் தான் தோக்கறேன், அதுக்கும் வழி சொல்லுங்க.

கூத்துக்காரன்:

நகத்தறத பத்தி உங்க மாமா சொல்றது தான் சரி. மூணு புலி, 15 ஆடு. ஆட்ட ஒண்ணொண்ணா எறக்கணும், 15ம் எறங்கின பிறகு தான் ஆடு நகரலாம். புலி மட்டும் முதல்ல இருந்தே நகரலாம் வெட்டலாம். அஞ்சா ஆறான்னு ஊருக்கு ஊர் மாறும், அத பெரியவரு சொல்றபடி விட்டுடுங்க.

ஜெயிக்க வழி கேட்டீங்க. நகரிக்காரரு போட்ட நம்பர வெச்சே சொல்றேன். புலி தாண்டணும்னா ஆட்டுக்கு பின்னாடி அதே கோட்டுல காலி புள்ளி வேணும். 2, 7, 14, 19, 20, 23 இந்த ஆறுக்கும் பின்னாடி எடமே கிடையாது, அங்க வெச்ச ஆட்ட எந்த புலியாலயும் தொட முடியாது. முதல்ல 20, அப்புறம் 21 வைங்க, 20ல ஆடு இருக்கற வரைக்கும் 21ஐ தாண்ட முடியாது. அதே மாதிரி 23, 22. பிறகு 14, 8, 2ன்னு இடது ஓரம், 19, 13, 7ன்னு வலது ஓரம். பத்து ஆடு பத்திரமா நின்னுடும். அதுக்கப்புறம் 15ம் 18ம், அப்புறம் 16, 17. அவசரப்பட்டு நடுவுல எறங்கினா தான் புலிக்கு தீனி. நல்ல புலிக்காரன் இத தெரிஞ்சு முன்னாடியே வந்து 20லயோ 14லயோ ஒரு புலிய உக்கார வெப்பான், உங்க மாமா அதான் பண்றாருன்னு நெனைக்கறேன். அப்ப அந்த ஓரத்த விட்டுட்டு எதிர் ஓரத்த நிரப்புங்க, மூலையில உக்காந்த புலிய அடைக்கறது தான் ரொம்ப சுலபம்.

எங்க கதையும் சொல்லிடறேன். பங்குனி, சித்திரை, வைகாசி தான் எங்களுக்கு சோறு போடற மாசம். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா ராத்திரிக்கு ராத்திரி கூத்து, தபசு மரம், கடைசில துரியோதனன் படுகளம். ஆந்திரா பக்கத்து ஊருங்கள்லயும் பாரதம் வெக்கறாங்க, அங்கயும் போவோம். இந்த வருஷம் வாங்கின முன்பணத்த எல்லாம் திருப்பி குடுத்தாச்சு. சும்மா உக்காந்தா பைத்தியம் புடிச்சுடும்னு கட்டைங்கள எல்லாம் வெளிய எடுத்தேன். கிரீடம், புஜகட்ட, மார்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்க மரத்துல செஞ்சது, அப்ப தான் தலையில தாங்கற மாதிரி லேசா இருக்கும். பழைய கண்ணாடி சில்ல சுரண்டி எடுத்துட்டு புதுசா ஒண்ணொண்ணா ஒட்டறேன், ஒரு கிரீடத்துக்கே எத்தன நாள் ஆகுதுன்னு சொல்ல முடியாது, சில்லு நகக்கண்ணு அளவு தான் இருக்கும், கோணலா ஒட்டினா பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல ஒரு பக்கம் செத்து தெரியும். என் பேரன் பக்கத்துல உக்காந்து பாத்துகினே இருந்தவன், இப்ப கர்ணன் பாட்டு ரெண்டு பாடறான், அடவும் போடறான். ஸ்கூல் இருந்திருந்தா அவன் இந்தப் பக்கம் திரும்பி பாத்திருக்க மாட்டான். அவங்கப்பனுக்கு புடிக்கல, கூத்து சோறு போடாதுன்றான். இந்த வருஷத்த பாத்தா அவன் சொல்றதுல நியாயம் இருக்கு, அதுக்காக கத்துக்குடுக்காம இருக்க என்னால முடியாது.

இன்னிக்கு 20ல தொடங்கி ஆடி பாருங்க, மாமா முதல் புலிய எங்க நகத்தறாருன்னு வந்து எழுதுங்க, அடுத்தது சொல்றேன்.

நகரி_தறிக்காரன்:

கூத்துக்காரரே, நம்பர சரி பாத்தேன், நீங்க சொன்னது அத்தனையும் கரெக்ட். ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். 15ம் எறங்கிட்டா ஆட்டுக்காரனும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒண்ண நகத்தியே ஆகணும், பாஸ் கிடையாது. அப்ப அடி வரிசைய கலைக்காதீங்க, பின்னாடி ஒரு ஆடு துணைக்கு நிக்கறத மட்டும் முன்னாடி தள்ளுங்க. தம்பி, நாளைக்கு ஸ்பீக்கர்ல போடறதுக்கு முன்னாடி போன ஃபுல்லா சார்ஜ் போட்டுக்கோ, மாமாவையும் போட சொல்லு.